எஞ்சின்காரரும் இரத்தப் பம்பும்

ஓய்வு பெற்ற தாதியைக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் இரண்டு வகை. பேசச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஒரு வகை, படத்தில் முன்வரிசையில் இருத்தக் கூப்பிடுகிறவர்கள் மற்ற வகை. போன மாதம் நான் வேலை செய்த ஆஸ்பத்திரியின் சிறுவர் வாட்டிலிருந்து கூப்பிட்டபோது முதல் வகை என்று நம்பித்தான் போனேன். புதிதாக வந்திறங்கிய பம்புகளைப் பற்றி இளம் தாதிமாருக்கு வகுப்பு. "ஜெசிந்தா மிஸ், உங்கட அனுபவத்தைக் கொஞ்சம் சொல்லுங்கோ" என்றார்கள். நான் தொண்டையைச் செருமவும் மதியப் பார்சல் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. புரியாணிக்கு முன்னால் என் அனுபவம் எந்த மூலைக்கு!

ஆனால் கை கழுவுகிற இடத்தில் ஒரு பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், இப்ப வாற பம்ப் எல்லாம் தானே அளந்து, தானே நிக்குது. பிறகேன் சின்னப் பிள்ளையளுக்கு இரத்தம் ஏத்தேக்க நடுவில இந்தப் பியூரெட்டையும் கொழுவச் சொல்லீனம்? மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஓடி ஓடிக் கால் உளையுது."

கேள்வி நல்ல கேள்வி. நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியை இதைவிடக் கெட்ட வாயால் கேட்டவள்தான். கை காய்வதற்குள் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. ஆகவே எழுதுகிறேன். எழுத்தை வைத்துவிட்டுப் பார்சலுக்கு ஓடினாலும் திரும்பி வந்து வாசிக்கலாம்.

நான் மன்னார்ப் பக்கத்து வங்காலைக்காரி. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர், அது உண்மைதான். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டில் விரிக்கப் பழகினோம், ஏச்சு வாங்கப் பழகினோம், சோதினை எழுதிப் பாஸ் பண்ணினோம். உண்மையில் வேலை பழகியது சிறுவர் வாட்டுக்குப் பொறுப்பாக இருந்த பரமேஸ்வரி மிஸ்ஸிடம். எல்லாருக்கும் அவர் பெரிய மிஸ். ஆள் என்னவோ என் தோள் உயரம்தான், வயசிலும் சில வருசம்தான் மூப்பு.

பெரிய மிஸ் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவருடைய குரல் இறங்கும். "ஜெசிந்தா பிள்ளை, இஞ்ச வாரும்" என்று பக்கத்து ஆளுக்கும் கேட்காத குரலில் கூப்பிட்டால் அன்றைக்கு நான் முடிந்தேன் என்று அர்த்தம். உயிலங்குளத்து வயல்காரரின் மகள். எதைச் சொன்னாலும் குளம், வாய்க்கால், வரம்பு என்று வயலுக்குள்தான் போய் நிற்பார். நாங்கள் கடற்கரைச் சனம். முதல் கொஞ்சக் காலம் பாதி விளங்காமல் தலையாட்டிக்கொண்டு திரிந்தேன்.

பிள்ளைக்கு இரத்தம் ஏற்றுவதென்றால் அவரிடம் ஒரு முறை இருந்தது. பூசைக்கு முறை இருக்கிறதுபோல, அதில் ஒன்றையும் முன்பின் மாற்ற முடியாது. முதலில் பையையும் கட்டில் சீட்டையும் இரண்டு தாதிமார் சேர்ந்து வாசிக்க வேண்டும், ஒருவர் வாசிக்க மற்றவர் "ஓம், ஓம்" என்று கோயில் பாட்டுக்காரி மாதிரி இழுக்கக் கூடாது. பிறகு பிள்ளையிடம் பெயர் கேட்க வேண்டும். "நீர்தானே ரொஷான்?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையாட்டும், ஆகவே "உம்மட பேர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். அதில்தான் வேடிக்கை. கட்டில் சீட்டில் ஞானஸ்நானப் பெயர் முழ நீளத்துக்குக் கிடக்கும். பிள்ளை "தம்பிக்குட்டி" என்று சொல்லும். தாயைக் கேட்டால் அவவும் யோசிப்பா. ஒருமுறை ஒரு தகப்பன் "பொறுங்கோ மிஸ், மனிசிக்குப் போன் எடுத்துக் கேட்டுச் சொல்லுறன்" என்று வெளியே ஓடினார். அவர் வந்து சொல்லும்வரை பெரிய மிஸ் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஊகித்து ஏற்றுகிற பழக்கம் அவரிடம் இல்லை.

அதற்குப் பிறகுதான் பியூரெட். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இரத்தப் பைக்கும் பம்புக்கும் நடுவில் தொங்குகிற, கோடு கோடாக அளவு போட்ட பிளாஸ்டிக் உருளை அது. பையிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குப் போக வேண்டிய அளவை மட்டும் அதற்குள் இறக்கிவிட்டு, பைப் பக்கத்துக் குழாயை நெரித்துப் பூட்டிவிட வேண்டும். பம்ப் இழுப்பது பையிலிருந்து அல்ல, அந்த உருளையிலிருந்து. உருளை முடிந்தால் தாதி வந்து பிள்ளையின் மூச்சைப் பார்த்து, நாடியைப் பார்த்து, உடம்பில் தடிப்பு உண்டா நடுக்கம் உண்டா என்று பார்த்து, அடுத்த மணித்தியாலத்துப் பங்கை இறக்க வேண்டும். வேறு வேலையில் நிற்கும்போது இது பெரிய உபத்திரவம். நான் முணுமுணுத்தது அவருடைய காதில் விழுந்துவிட்டது.

"பிள்ளை, எங்கட அப்பா வயலுக்குத் தண்ணி கட்டேக்க குளத்தை நேர வயலுக்க திறந்து விடுறேல்ல. வாய்க்காலுக்கு விட்டு, வாய்க்காலில இருந்துதான் வெட்டி விடுவார். நீர் பிள்ளையின்ர தலைக்கு மேல குளத்தைக் கட்டித் தொங்கவிட்டிட்டு வேற வேலை பாக்கப் போறீரோ?"

குரல் வெகுவாக இறங்கியிருந்தது. நான் பியூரெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பம்புகளையும் அவர் சும்மா விடுவதில்லை. புதிதாக வந்தாலும், திருத்தி வந்தாலும், முதலில் வெறும் தண்ணீரை அளவுச் சாடிக்குள் ஓடவிட்டுச் சோதினை வைப்பார். இவ்வளவு விட்டேன் என்று திரை சொல்லும். சாடியில் எவ்வளவு கிடக்கிறதென்று குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்ப்பார். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்தப் பம்பின் நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டி 'பெயில்' என்று எழுதித் திருத்துமிடத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். பயிற்சிக் காலத்தில் நாங்கள் பட்ட பாடு ஞாபகம் வந்து, எனக்கு அந்தப் பெட்டிகள்மேல் பாவமாக இருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருசம் முந்தி புதிய ரகப் பம்ப் வந்தது. அதை விளங்கப்படுத்தக் கொழும்பிலிருந்து கம்பனிக்காரர் ஒருவர் கழுத்துப்பட்டியோடு வந்தார். மன்னார் வெயிலுக்குக் கழுத்துப்பட்டி கட்டி வந்த அந்த மனுசனைப் பார்த்தே நாங்கள் பாதி வியர்த்துவிட்டோம். இரத்தம் மாதிரி சிவப்பாக ஏதாவது வேண்டும் என்று கேட்டார். நோன்பு மாதம் அது. எங்கள் வாட்டு சிற்றூழியர் ஹனிபா நானா நோன்பு திறக்கவென்று பெரிய கூசாவில் சர்பத் கரைத்து வைத்திருந்தார். "கொஞ்சம் எடுங்கோ சேர், நல்ல காரியத்துக்குத்தானே" என்று தாராளமாக ஊற்றிக் கொடுத்தார்.

பம்ப் கொஞ்ச நேரம் அழகாக ஓடியது. பிறகு கத்தத் தொடங்கியது. "பார்த்தீர்களா! இதுதான் அடைப்பு அலாரம். எவ்வளவு நுட்பம் பாருங்கள்!" என்று கம்பனிக்காரர் பூரித்துப் போனார். பொத்தானை அமத்தினார். திரும்பவும் கத்தியது. குழாயை நீவினார், பெட்டியைத் தட்டினார், கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். அது கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் ஹனிபா நானா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சேர், அது வந்து... சர்பத்தில கசகசா போட்டிருக்கு." இரத்தக் குழாயின் வடிகட்டி முழுக்கக் கசகசா ஊறி அப்பிக் கிடந்தது.

எல்லாரும் சிரித்தோம், பெரிய மிஸ் சிரிக்கவில்லை. "பெட்டி நல்ல பெட்டி. அடைப்பெண்டு சொல்லிப்போட்டுது. ஆனா அடைச்சது கசகசாவோ, பிள்ளை முழங்கையை மடிச்சதோ எண்டு அதுக்குத் தெரியாது. அது கத்தும், பாக்கிறது நாங்கள்" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். கம்பனிக்காரர் விடவில்லை. இந்தப் பம்புக்குள் அளவை அடித்துவிட்டால் அது முடிந்ததும் தானே நின்றுவிடும், இனிப் பியூரெட் வீண் செலவு என்றார். "கதவைத் திறந்தா?" என்று கேட்டார் பெரிய மிஸ். "யார் மேடம் கதவைத் திறக்கப் போகிறார்கள்? திறந்தாலும் குழாயை நெரித்துப் பிடிக்க உள்ளே கிளிப் இருக்கிறது." களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர் வீண் செலவு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். கையிருப்பு முடிந்தால் இனிப் பியூரெட் எடுப்பதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான். பெரிய மிஸ் மட்டும், "கையிருப்பு முடியட்டும், பாப்பம்" என்றார்.

அந்தக் கையிருப்பு முடிவதற்குள்தான் தலைமன்னாரிலிருந்து மெலானி வந்தாள்.

ஆறு வயசு. இரத்தம் குறைந்து குறைந்து, கண்ணிமையைத் திறந்து பார்த்தால் வெள்ளைக் கடதாசி. பல நாளாகக் கவனியாமல் விட்டதில் இதயமும் களைத்து வீங்கியிருந்தது. இப்படியான பிள்ளைக்கு இரத்தம் இல்லாவிட்டாலும் ஆபத்து, அவசரப்பட்டு ஏற்றினாலும் ஆபத்து. களைத்த இதயத்துக்குத் திடீரென்று கூடுதலாக வந்தால் இறைக்க முடியாமல் நெஞ்சுக்குள் நீர் கட்டிவிடும். எங்கள் சின்ன டொக்டர் தெற்கிலிருந்து வந்தவர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர். "மிகவும் மெதுவாக. இன்று பாதி. நாளை மீதி. மிகவும், மிகவும் மெதுவாக" என்று என்னிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

பிள்ளைக்குத் துணை நின்றது தகப்பன் அருள்தாசன். தாய் அந்தக் கிழமைதான் அடுத்த கட்டடத்தில் பிள்ளை பெற்றிருந்தா. தாய்மார் மட்டும் நிற்கிற வாட்டில் இந்த ஒரு ஆண், பெரிய மிஸ்ஸின் விசேட அனுமதியில். கடலில் திரிந்த மனுசன், கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. ஊரில் எல்லாருடைய போட் எஞ்சினையும் திருத்துகிறவராம். வந்த அன்றே கட்டில் சில்லின் கிறீச்சுச் சத்தத்தை நிற்பாட்டினார். அடுத்த நாள் ஒழுகின பைப்பைக் கட்டினார். ஹெலிகொப்டர் மாதிரி இரைந்த காற்றாடியை இறக்கி ஏற்றினார், பெரிய மிஸ்ஸின் ஆடின கதிரைக்குக் கால் வைத்தார். ஹனிபா நானா அவருக்குச் சாவி, குறடு எடுத்துக் கொடுக்கிற உதவியாளாகவே மாறிப்போனார். தாய்மார் போன் சார்ஜரோடு வரிசையில் நின்றார்கள். "இந்தத் தகப்பனை வாட்டோடையே வைச்சிருப்பம்" என்று நானும் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தேன். அந்தாளுக்குப் பழுதைக் கண்டால் கை வைக்கலாம் என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் பழக்கிவிட்டோம்.

இரத்தம் ஏற்றத் தொடங்கியது காலையில். முறைப்படி எல்லாம் செய்து, பிள்ளை வாய் திறக்காததால் பெயரைத் தகப்பனிடம் கேட்டு, பியூரெட்டுக்குள் மணித்தியாலப் பங்கை இறக்கி, மேல் குழாயைப் பூட்டி, பக்கத்தில் நின்று பார்த்தோம். மெலானி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பம்பில் 'தொடாதீர்கள்' என்று இரண்டு மொழியிலும் ஒட்டியிருந்தது. இரண்டு மூன்று தரம் பியூரெட்டை நிரப்பி, பிள்ளையின் மூச்சும் நாடியும் பார்த்து, எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மத்தியானம், புதிதாகப் பங்கு இறக்கிவிட்டு, வாட்டின் மற்றத் தொங்கலில் கத்திக் குளறுகிற ஒரு குழந்தையின் கையில் நான் ஊசிக் குழாய் ஏற்றிக்கொண்டிருந்தேன். நரம்பைப் பிடித்த நேரம், மெலானியின் பம்ப் கத்தியது. அலாரம் கத்தினால் பயமில்லை, முடித்துவிட்டு ஓடலாம். ஆனால் அது சட்டென்று நின்றது. நான் நிற்பாட்டவில்லை, வேறு தாதியும் அந்தப் பக்கம் இல்லை.

திரும்பிப் பார்த்தால், பம்பின் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. அருள்தாசன் இரத்தக் குழாயில் துளி விழுகிற குமிழை உள்ளங்கையில் வைத்து, பதமாக, தாளத்தோடு, பிசுக்குப் பிசுக்கென்று அமத்திக்கொண்டு நிற்கிறார்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ மிஸ்! அடைப்பெடுத்து விட்டிட்டன். இப்ப நல்லா இழுக்குது!"

பெருநாளுக்கு வங்காலைக் கோயில் மணி அடித்தபோதும் நான் அப்படி ஓடியதில்லை. பாய்ந்து குழாயை நெரித்துப் பூட்டினேன். மேலே பார்த்தேன். பியூரெட் வெறுமை, அதன் அடியில் இருக்கிற சின்ன மிதவை காற்றுப் போகாமல் வாயை மூடிக்கொண்டு கிடந்தது. ஒரு மணித்தியாலம் முழுக்கப் போக வேண்டியதை மனுசன் கண் மூடித் திறப்பதற்குள் மகளுக்குள் ஏற்றிவிட்டார். அதற்கு மேலே, பூட்டின குழாய்க்கு அங்கால், பாதிப் பை நிறைய இரத்தம் அசையாமல் தொங்கியது. அது பூட்டாமல் இருந்திருந்தால் அதுவும் அதே வேகத்தில் போயிருக்கும்.

போனதே அந்த இதயத்துக்குக் கூடுதல்தான். மெலானி இருமத் தொடங்கினாள். மூச்சு விறுவிறென்று ஏறியது, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்கியது. பெரிய மிஸ் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. வந்து பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, ஒக்சிசனைப் பிடித்தார். சின்ன டொக்டர் ஓடி வந்து, உடம்பு நீரை இறக்குகிற ஊசியைப் போட்டார். "மகளே, அஞ்சாதே. மெதுவாகச் சுவாசி" என்று மேடை நாடகத் தமிழில் சொல்லிக்கொண்டே நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை, பிள்ளை சலம் கழிக்கிறாளா என்று பார்ப்பதுதான். கழித்தால் ஊசி வேலை செய்கிறது, நெஞ்சு பாரம் இறங்கும். கழிக்காவிட்டால்... அதை எழுத எனக்கு விருப்பமில்லை. பெரிய மிஸ் சட்டியைப் பிடித்தபடி நின்றார். தாய்மார் அவரவர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்துவிட்டார்கள். ஒருத்தி "மடு மாதாவே" என்று செபமாலை உருட்டுகிறா, ஹனிபா நானா மூலையில் நின்று கையேந்துகிறார். அருள்தாசன் சுவரோடு ஒட்டிப்போய் நின்றார், முகத்தில் இரத்தம் இல்லை.

மெலானி பெரிய மிஸ்ஸைப் பார்த்தாள். வாட்டுக்கு வந்த நாளிலிருந்து வாய் திறக்காத பிள்ளை வாய் திறந்து, வெட்கப்பட்டுச் சொன்னது: "எனக்கு ஒண்டுக்கு வருது. இவையளைப் போகச் சொல்லுங்கோ."

யார் போவது! சட்டியில் சத்தம் கேட்டதும் வாட்டு முழுக்கக் கை தட்டியது. ஒரு பிள்ளை சலம் கழித்ததற்குச் சனம் அழுது சிரித்துக் கட்டிப்பிடித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். சின்ன டொக்டர் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "மிகச் சிறப்பு! மிகச் சிறப்பு!" என்றார். மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அருள்தாசனைப் பிடித்து நான் ஏசின ஏச்சில் வங்காலை, தலைமன்னார் இரண்டு ஊர்த் தமிழும் கலந்திருந்தது. பெரிய மிஸ் கையைக் காட்டி என்னை நிற்பாட்டினார்.

"தம்பி, ஏன் திறந்தனீங்கள்?"

"எஞ்சின் இருமினா அப்பிடித்தான் மிஸ் செய்யிறனாங்கள். எண்ணெய்க் குழாயில நடுவில ரப்பர் பந்து இருக்கும். குழாயைக் கழட்டி, பந்தை அமத்தி அமத்தி விட்டா எடுத்துப் போகும். இதிலயும் அதே பந்து இருந்துது. உள்ளுக்க ஒரு கிளிப் இறுகிக் கிடந்துது, அதுதான் அடைப்பாக்கும் எண்டு கழட்டினன்."

"தொடாதீர்கள் எண்டு ஒட்டிக் கிடக்கே!" என்று நான் இடையில் விழுந்தேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது எஞ்சின் தெரியாத ஆக்களுக்கு எண்டு நினைச்சன் மிஸ்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு மருந்தறைக்குள் போய்விட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே சொல்லத் தெரியாது. நான் திரும்பி வந்தபோது பெரிய மிஸ் குரலை இறக்கவுமில்லை, ஏற்றவுமில்லை. "தொடாதேங்கோ எண்டு ஒட்டினனாங்கள். ஏன் தொடக்கூடாதெண்டு ஒருத்தரும் இவருக்குச் சொல்லேல்ல" என்றார். பிறகு அந்தாளைக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளை முழங்கையை மடித்ததற்குத்தான் பம்ப் கத்தியது, பம்ப் குழாயை நெரித்து நெரித்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறது, கதவைத் திறந்து கிளிப்பையும் கழற்றினால் பிடி விட்டுவிடும் என்று வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் காட்டினார். திறந்த குழாயில் தண்ணீர் கொட்டியதைக் கண்டதும் அருள்தாசன் நிலத்தில் இருந்துவிட்டார்.

கம்பனிக்காரருக்குப் போன் எடுத்தபோது, இப்படி ஒருவர் கிளிப்பைக் கழற்றுவார் என்று தாங்கள் நினைத்தே பார்க்கவில்லை என்றார். "நீங்கள் தலைமன்னாருக்கு வந்ததில்லைப் போல" என்றேன். களஞ்சியக்காரர் அடுத்த நாளே பியூரெட்டுக்கு ஓடர் போட்டார். கால் உளைகிற பிள்ளை, உமக்கு விளங்கியிருக்கும்.

மற்ற நாள் புதுப் பையில் மிச்ச இரத்தம் ஏற்ற வேண்டும். அருள்தாசன் வாட்டுக்குள் வர மறுத்து விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய மிஸ் போய்க் கூட்டி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருத்தினார். "உங்களுக்கு ஒரு வேலை. பிள்ளை முழங்கையை மடிக்காமப் பாக்கிறது. பெட்டி கத்தினா கூப்பிடுங்கோ. பெட்டியில மட்டும் தொடாதேங்கோ."

மனுசன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் இருந்துகொண்டார். மெலானி விசுக்கோத்தை நீட்டினாள், வாங்கவில்லை. கை மடங்கப் பார்த்தால் வாயால்தான் சொன்னார், "நீட்டு மகள், நீட்டு." மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் பியூரெட்டை நிரப்ப நான் போகிறபோதெல்லாம் அதே இருப்பு. தேத்தண்ணி கொண்டுபோன ஹனிபா நானாவுக்கும் கையைக் காட்டவில்லை.

பின்னேரம் பம்ப் கத்தியது.

"மிஸ்ஸ்ஸ்ஸ்!"

தலைமன்னார்க் கடலில் ஒரு போட்டிலிருந்து மற்றப் போட்டைக் கூப்பிடுகிற குரல் அது. வாசல் காவலாளி தடியோடு ஓடி வந்தான். சத்திரசிகிச்சை வாட்டுக்காரர் தள்ளுவண்டியோடு வந்தார்கள். சின்ன டொக்டர் வாயில் சோறோடு வந்தார். அருள்தாசனின் மனிசி, பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பச்சை உடம்போடு வந்து வாசலில் நின்றா.

பம்ப் திரையில் முடிந்துவிட்டது என்று காட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். இரத்தம் முழுக்க ஏறி முடிந்திருந்தது. மெலானியின் உதட்டில் நிறம் வந்திருந்தது. கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். அருள்தாசன் எழும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணால் நீர் ஓடியது.

"மிஸ், நான் தொடேல்ல. பாருங்கோ மிஸ், நான் ஒண்டையும் தொடேல்ல."

பெரிய மிஸ் குழாயைப் பூட்டினார், பம்பை நிற்பாட்டினார். பிறகு எட்டி, உயர்ந்து நின்ற அந்தக் கையில் ஒன்றைப் பிடித்து இறக்கினார்.

"பெட்டியைத்தான் தம்பி தொட வேண்டாமெண்டனான். பிள்ளையைத் தொடுங்கோ."

கொண்டுபோய் மெலானியின் தலையில் வைத்தார்.